இரண்டு முறை திருத்திய அம்பு

நூற்றுத் தொண்ணூற்றைந்தும் நூற்றைந்தும் சேர்ந்தால் முந்நூறு. இதில் எனக்குச் சந்தேகம் வந்தபோது வயது பத்தொன்பது.

காரைக்குடியில் எங்கள் வீட்டு நடு அறையில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் எழுத்து தெரியும். பொறியியல் இரண்டாம் ஆண்டு விடுமுறை. புதிதாக ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருந்தேன், கை சும்மா இருக்கவில்லை. சோக் வைத்த பழைய டியூப்லைட்டைப் பட்டியோடு கழற்றி மேசையில் வைத்து எரியவிட்டேன். சோக்கின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 195 வோல்ட். குழலின் இரு முனைகளிலும் 105. இரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கூட்டினால் முந்நூறு. ஆனால் சுவர் பிளக்கில் வருவதோ 230.

எழுபது வோல்ட் எங்கிருந்து வந்தது? மூன்று முறை அளந்தேன். மேல்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாரான அப்பா கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்த்து, "மீட்டரக் கடைக்காரன்ட்டக் குடுத்து மாத்திட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீட்டர் சரிதான். நான்தான் தப்பாகக் கூட்டினேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குவது. குழலின் வோல்டேஜ் உச்சியில் இருக்கும் கணத்தில் சோக்கின் வோல்டேஜ் உச்சியைத் தாண்டி இறங்கிப் போய்விட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சியில் நிற்பதே இல்லை. அப்படியிருக்க உச்சியையும் உச்சியையும் கூட்ட நான் யார்?

வகுப்பில் 'ஃபேசர்' என்று கரும்பலகை முழுக்க எழுதிப்போட்டது அப்போதுதான் உறைத்தது. அளவை நீளமாகவும், எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைக் கோணமாகவும் வைத்து ஓர் அம்பு வரை. இன்னொன்றுக்கும் வரை. முதல் அம்பின் நுனியில் இரண்டாவதன் அடியை வை. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு எவ்வளவு தூரமோ, அதுதான் கூட்டுத்தொகை. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வரைந்தேன். செங்கோணமாக வைத்தபோது 221 வந்தது. சோக் சூடாகிறதே, கம்பியின் தடையும் அதில் இருக்குமே என்று அம்பை ஐந்து டிகிரி சாய்த்தேன். ஸ்கேலை வைத்தேன். 229!

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஒரு சந்தோஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடும் பழக்கம் எனக்கு அன்று தொடங்கியது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "ரிட்டயர்டு மேடம், புது ரிலேவெல்லாம் ஃபேசர் படத்தை ஸ்கிரீன்லயே வரைஞ்சு காட்டுதே. நீங்க எதுக்குக் கிராஃப் தாள்ல வரைஞ்சு கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க? உங்க அனுபவத்த எழுதுங்களேன்." எனக்கு முப்பத்திரண்டு வயது. 'ரிட்டயர்டு' என்பது அவர்கள் வைத்த பட்டப்பெயர். முதலில் கோபம் வந்தது, பிறகு சரி என்று பட்டது. எட்டு வருஷம் ஒரு வேலையைச் செய்து, அதிலிருந்து விலகி, வீட்டில் உட்கார்ந்திருப்பவளை வேறென்ன சொல்வது?

வேலை இதுதான். ஆலைகளிலும் துணை மின்நிலையங்களிலும் கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க ரிலே என்று ஒரு பெட்டி இருக்கும். அது சரியாகத் துண்டிக்கிறதா, தேவையில்லாமல் துண்டிக்காமல் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு வருஷம் பெட்டி தூக்கினேன், ஒயர் எண் படித்தேன், ஷாக் அடி வாங்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

அருளப்பன் சாரைப் பற்றி அப்படிச் சுருக்க முடியாது. எங்கள் தலைமை சோதனைப் பொறியாளர். பேனல் அறைக்குள் நாற்காலி போட்டால் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டே இருப்பார். மகளின் பழைய பென்சில் பவுச்சில் ஒரு கோணமானி, ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல், மூன்று நிறப் பென்சில்கள் வைத்திருப்பார். ஃபேஸ் என்கிற மின்சாரத்தின் மூன்று கட்டங்களுக்கும் மூன்று நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். சின்னவர் பெரியவர் எல்லாரையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். ரிலேவைக்கூட 'அது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவரு என்ன சொல்றாருன்னு மொதல்ல கேளுங்க, ஸ்டெல்லா. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. நம்ம தப்பாச் சொல்லிக் குடுத்திருந்தாத்தான் அவரு தப்பாச் சொல்லுவாரு."

நான் வரைந்த தாளை வாங்கினால் எண்களைப் பார்க்க மாட்டார். ஒரே ஒரு கேள்விதான். "அம்பு எங்குட்டுப் பாத்துச்சு?"

ஒயரைக் கவ்விப் பிடித்துக் கோணம் சொல்லும் கிளாம்ப் ஒன்று எங்களிடம் உண்டு. அதன் தாடையில் சின்னதாக ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அது ரிலேவைப் பார்த்தபடி மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் கோணம் நூற்றெண்பது டிகிரி மாறிவிடும், படத்தில் அம்பு நேர் எதிராகத் திரும்பிவிடும். கேள்விக்குப் பதில் சொன்னதும் தாளை நான்காக மடிப்பார், பிரிப்பார், பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போடுவார். சரி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை வராது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற எனக்கு ஒவ்வொரு முறையும் அதே கேள்வியா என்று எரிச்சலாக இருக்கும்.

பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். சோதனைக்காரர் போகும்போது ஓர் இடத்தில் எதுவும் முழுதாக ஓடாது. எல்லாம் ஓடத் தொடங்கும்போது அவருக்கு அடுத்த ஊருக்கு பஸ். விளக்கு எரிவதைப் பார்த்து ஜனங்கள் கைதட்டும் கூடத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. மூடிய கதவுக்குள் ஒரு சின்னத் திரை, மூன்று எண்கள், ஒரு தாள். மூன்று அம்புகளை நுனியில் அடி வைத்து அடுக்கினால் முக்கோணம் மூடும். சிவப்பு போகும், மஞ்சள் திரும்பும், நீலம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். மூடினால் மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம், கரண்ட் எங்கும் மண்ணுக்குள் ஒழுகவில்லை என்று பொருள். அது மூடும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலண்டர் தாள் ஞாபகம் வரும். பக்கத்தில் ஆள் இல்லையே என்றும் இருக்கும்.

அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். புதிய டிரான்ஸ்பார்மர், புதிய ரிலே. அன்று இயந்திரங்கள் இன்னும் வரவில்லை, விளக்குகளும் ஈரக்காற்று அடிக்கும் ஒரு பெரிய விசிறியும் மட்டும்தான் லோடு. ஆலையின் எலக்ட்ரீசியன் கருப்பையா அண்ணன், நாட்டரசன்கோட்டைக்காரர். நான் தாளில் அம்பு வரைவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"என்ன தங்கச்சி, டிரான்ஸ்பார்மருக்கு ஜாதகம் கணிக்கிறீகளா?"

"ஆமாண்ணே. மூணு கட்டமும் பொருந்தியிருக்கு. நல்லா இருக்கும்."

"அதெல்லாம் சரி, செவ்வா தோசம் எதும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நாந்தான் கேபிள் ஜாயிண்ட்டுப் போட்டது. நாளப்பின்ன எந்தலையில விடியக்கூடாது."

அந்தப் பேனலில் நீலக் கட்டத்தின் ஒயர் அடிமூலையில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கிளாம்ப் ஒரு பக்கத்திலிருந்துதான் நுழைந்தது, அம்புக்குறி பின்னால் பார்த்தது. அதனால் என்ன, கழித்துக்கொண்டால் போயிற்று. திரையில் 270. மனதிலேயே நூற்றெண்பதைக் கழித்து நோட்டில் 90 என்று எழுதினேன். பக்கத்தில் 'திருப்பி' என்று குறிப்பும் போட்டேன். பிறகு வெளியே கேபிள் உருளை மேல் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். 90, 'திருப்பி'. ஓ, கிளாம்ப் திருப்பி மாட்டியது, சரிசெய்ய வேண்டுமே. நூற்றெண்பதைக் கூட்டினேன். 270. முக்கோணம் அழகாக மூடியது.

மாலையில் அருளப்பன் சார் வந்தார். "அம்பு எங்குட்டுப் பாத்துச்சு?"

"ஒரு கட்டத்துல மட்டும் திருப்பி, சார். சரிபண்ணிட்டேன்."

பொய் இல்லை. சரிபண்ணியிருந்தேன், இரண்டு முறை. அவர் தாளை மடித்தார், பிரித்தார், பச்சைப் பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனலில் நீலக் கட்டத்தின் அளவை ரிலேவுக்குக் கொண்டுபோகும் இரண்டு ஒயர்களும் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன. என் சோதனை கண்டுபிடித்திருக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான். மீட்டர் அதை என் கையில் கொடுத்தது. நான் அவசரமாகத் திருத்தி அழித்துவிட்டேன்.

லோடு குறைவாக இருந்தவரை ரிலே பொறுத்துக்கொண்டது. மூன்று அம்புகளில் ஒன்று தலைகீழானால் முக்கோணம் மூடாது, ஓர் அம்பின் இரண்டு மடங்கு நீளத்துக்கு வாய் பிளந்து நிற்கும். அம்புகள் சின்னதாக இருந்தால் பிளவும் சின்னது. நூற்பு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர அம்புகள் நீண்டன. பிளவும் நீண்டது. ரிலே அதை மண்ணுக்குள் ஒழுகும் கரண்ட் என்று நம்பி ஆலையையே நிறுத்தத் தொடங்கியது. ஒருமுறை நின்றால் நூல் சுற்றும் எல்லாக் கதிர்களிலும் இழை அறுந்துவிடும். அத்தனையையும் பெண்கள் விரலால் ஒட்டி முடிப்பதற்குள் மறுபடி நிற்கும்.

மேனேஜர் நிதானமான மனிதர். அவர் போட்ட கணக்கில் ஓட்டையே இல்லை. கசிவு இருப்பதாக ரிலே சொல்கிறது. ரிலே சரியாக இருப்பதாகச் சோதனை அறிக்கையில் கையெழுத்து இருக்கிறது. அப்படியானால் மிச்சம் மண்ணுக்கடியில் இருக்கும் கேபிள் ஜாயிண்ட். அதைப் போட்டது கருப்பையா.

ஒரு வியாழக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, சனிக்கிழமை கரண்ட நிப்பாட்டி ஜாயிண்ட்ட அறுத்துட்டு வேற போடச் சொல்லிட்டாக. இருவது வருசமா ஜாயிண்ட்டுப் போடுறேன். எம்புள்ளைக்கி அப்புறம் நான் கையால தொட்டுப் பழகுன சாமான் அதான். நீங்க ஒருதடவ வந்து பாருங்களேன்."

வெள்ளிக்கிழமை போனேன், ஆலை ஓடும்போதே அளந்தேன். ஒரு சின்னக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிப் பேனல் அடிக்குள் விட்டு, கையைச் சிராய்த்துக்கொண்டு, இந்த முறை கிளாம்ப்பை நேராக மாட்டினேன். 90. கழற்றித் திருப்பி மாட்டினேன். 270. பழைய நோட்டைப் பிரித்தேன். 90, 'திருப்பி'. திருப்பி மாட்டினால் திரை 270 காட்டுகிறது, அப்படியென்றால் நோட்டில் இருக்கும் 90 ஏற்கெனவே திருத்திய எண். கிராஃப் தாளில் 270.

வெளியே அவ்வளவு இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன தெரியுது?" கதவருகே கருப்பையா அண்ணன் டீயோடு நின்றார்.

"பாத்துக்கிட்டிருக்கேண்ணே."

"நீங்க பாத்தாச் சரியா இருக்கும்."

மறுநாள் ஜாயிண்ட் வேலைக்காக மின்சாரம் நின்றது. அவர் வெயிலில் குழிக்குள் உட்கார்ந்து தன் பழைய ஜாயிண்ட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பேனல் அறையில் நான் தனியாக இருந்தேன். இரண்டு திருகுகள்தான். ஒயர்களை இடம் மாற்றி முடுக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. 'டெர்மினல்களைச் சுத்தம் செய்து முடுக்கினேன்' என்று பதிவேட்டில் எழுதினேன். மின்சாரம் வந்ததும் அளந்து வரைந்தேன். முக்கோணம் உண்மையாகவே மூடியது. அந்தத் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை.

பயந்தேன் என்று சொன்னால் அது பாதி. கோளாறு தீர்ந்துவிட்டது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று வேகமாகக் கணக்குப் போட்டேன் என்பது மீதி. என் வேகத்தின் லட்சணம் எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஆலை ஒருமுறைகூட நிற்கவில்லை. மேனேஜரின் கணக்கு முடிந்தது. புது ஜாயிண்ட் போட்டதும் கோளாறு போய்விட்டது, ஆக பழைய ஜாயிண்ட்தான் தப்பு. கருப்பையாவுக்கு வேலையிலிருந்து நிற்கச் சொல்லிக் கடிதம். மறுபடி எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, இப்ப நாந்தான் தப்புன்னு ருசுவாயிருச்சு. அறுத்தெடுத்த ஜாயிண்ட்டச் சாக்குல போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒரு கரி இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இவுக சொல்றதையும் நம்பாம இருக்க முடியல, என் கண்ணையும் நம்பாம இருக்க முடியல. எனக்கே பைத்தியம் புடிச்சிருமோன்னு இருக்கு."

நான் வாயை மூடியிருந்தது என்னைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகியிருந்தது.

ஒன்பது நாள் ஆயிற்று எனக்கு. அந்த நாட்களில் நான் யாரிடமும் பேசியதாக நினைவில்லை. அப்பா ஓய்வுபெற்று அக்காவோடு பெங்களூருக்குப் போயிருந்தார், அம்மாவும் கூட. சோறு வடித்தேன், பாதியைக் கொட்டினேன். நடு அறையில் மூன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்: பழைய படம், பழைய நோட்டு, புதிய படம். பத்தாம் நாள் காலை அவற்றை எடுத்துக்கொண்டு போய் அருளப்பன் சார் முன்னால் வைத்தேன்.

அவர் நின்றபடியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதல்முறையாக எண்களைப் பார்த்தார்.

"பாவம், அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காரு" என்றார். ரிலேவைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார், நான்..."

"கடிதத்த நீங்களே எழுதுங்க, ஸ்டெல்லா. ஆலைக்கு ஒண்ணு, நம்ம ஆபீசுக்கு ஒண்ணு. அடியில நானும் கையெழுத்துப் போடுறேன். எங்குட்டுப் பாத்துச்சுன்னு கேட்டேன். திருப்பின்னு சொன்னீக. எத்தன தடவ சரிபண்ணுனீகன்னு கேக்கத் தோணல."

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தாளு குழியில உக்காந்து அறுத்தப்ப நீங்க உள்ளதான இருந்தீக?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

கருப்பையா அண்ணனைத் திரும்ப அழைத்தார்கள். அவர் போகவில்லை. கடிதத்தின் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது நாட்டரசன்கோட்டையில் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறார். மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். சாக்கு மூட்டை வாசல் ஓரத்திலேயே இருந்தது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "உக்காருங்க மேடம்" என்றார். அந்த 'மேடம்' என்னைப் பஸ் ஏறும்வரை விடவில்லை.

கம்பெனியில் கையெழுத்து உரிமையைப் பறித்து, அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் மேசையில் உட்கார வைத்தார்கள். நான்கு மாதம் இருந்து பார்த்தேன். மற்றவர்கள் வரைந்த முக்கோணங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. விலகிவிட்டேன்.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஸ்கிரீன் அழகாக வரைகிறது, என் கையைவிடச் சுத்தமாகவே வரைகிறது. ஆனால் ஒயரை எந்தப் பக்கமாக மாட்டினாய் என்று அதற்குத் தெரியாது. அதை ஓர் ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னோர் ஆள் காதால் கேட்க வேண்டும். நான் இரண்டு ஆளாகவும் இருக்கப் பார்த்தேன்.

எட்டு வருஷ நோட்டுகளையும் போன மாதம் எடுத்து வரி வரியாகப் புரட்டினேன். 'திருப்பி' என்ற குறிப்பு இன்னும் ஏழு இடங்களில் இருக்கிறது. அவற்றில் எத்தனையில் ஒருமுறை திருத்தினேன், எத்தனையில் இரண்டு முறை என்று எனக்குத் தெரியாது. எங்கோ இன்னொருவர் தான் செய்யாத தப்புக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கலாம். ஏழு பேருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லி எழுதினேன். நான்கு இடத்தில் வந்து பார்க்கச் சொன்னார்கள். முதலாவது வலையபட்டியில், ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீடு. உரிமையாளர் ஆச்சி போனில் சிரித்தார்: "லைட்டு எரியுது, ஏசி ஓடுது, இன்னம் என்னத்தப் பாக்கப் போறீக? சரி வாங்க. மத்தியானம் இங்கயே சாப்புட்டுப் போகலாம்."

தனியாகப் போகக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை, கூப்பிடத் தைரியம்தான் வேண்டியிருந்தது. கருப்பையா அண்ணன் மூன்று முறை போனை எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.  பின்னால் சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிரிலை நிறுத்தச் சொன்னார்.

"அளக்குறது நீங்க. எழுதுறது நானு. நான் எழுதுனதுல கைவைக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும்ண்ணே."

மேடம் என்றும் சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி பஸ். நோட்டும் பென்சிலும் அவரிடம் போய்விடும். என் கையில் கிளாம்ப் மட்டும் இருக்கும். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, திரையில் என்ன எண் என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். மனதுக்குள் எதையும் கூட்டக்கூடாது, கழிக்கக்கூடாது. எனக்கு இது பழக்கமில்லாத வேலை. அதனால் நடு அறையில் நின்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். "அம்பு ரிலேவப் பாக்குது. தொண்ணூறு." சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்கின்றன. எதிரே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் மெதுவாக.